கல்லூரியில் எல்லா விளையாட்டும் ஆடிய ஒருவர், பிற்காலத்தில் அந்தக் கல்லூரிக்கே கைகொடுத்த கதை தெரியுமா?

அப்படி ஒருவர் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் வால்டர் கேம்ப். 1876-இல், 17 வயதில், யேல் கல்லூரியில் சேர்ந்தவர். கால்பந்து என்று அவர்கள் சொன்னது அப்போது ஏறக்குறைய ரக்பிதான், அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டும் ஓடும் ஆட்டம். அதில் கேப்டன். பேஸ்பால், ஓட்டம், நீச்சல், படகு, டென்னிஸ் என்று மற்றதையும் விடவில்லை. படிப்புக்கு எப்போது நேரம் கிடைத்ததோ! மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டார் என்பது மட்டும் தெரியும்.

இன்றைய அமெரிக்கக் கால்பந்தின் விதிகளில் பாதி அவர் மூளையில் உதித்தவை. 1881-இல் யேலும் பிரின்ஸ்டன் கல்லூரியும் மோதிய ஆட்டத்தில், முதல் பாதி முழுக்கப் பிரின்ஸ்டன் பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. மறுபாதியில் யேலும் அதையே செய்தது. 0-0. பார்க்க வந்தவர்கள் பாவம். மறு ஆண்டே புது விதி வந்தது: மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேறு, இல்லையென்றால் பந்தைக் கொடு. (கபடியில் டூ ஆர் டை ரெய்டு பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.) இதற்குப் பின்னால் இருந்தவர் கேம்ப்.

சரி, கல்லூரிக்கு என்ன செய்தார்? பிழைப்புக்கு அவர் பார்த்தது நியூ ஹேவன் கடிகாரக் கம்பெனி வேலை. பின்னாளில் அதன் தலைவரே ஆனார். யேல் கால்பந்து அணிக்கு அவர்தான் பயிற்சியாளர், ஆனால் பயிற்சி நடக்கும் பிற்பகலில் ஆபீஸை விட்டுக் கிளம்ப முடியாது. 1888-இல் கல்யாணம் ஆனது. அதன் பிறகு மனைவி ஆலிஸ் மைதானத்துக்குப் போய், யார் எப்படி ஆடினார்கள் என்று கவனித்துவந்து சொல்வார். இரவில் ஆட்டக்காரர்கள் வீட்டுக்கு வருவார்கள், பாடம் அங்கேதான் நடக்கும். அந்த ஆண்டு யேல் 13 ஆட்டம் ஆடி 698 புள்ளி எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். பயிற்சியாளர் பட்டியலில் ஆலிஸ் பெயரையும் போட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பல பத்தாண்டுகள் இப்படி ஆலோசகராகவே இருந்தார். யேல் விளையாட்டின் பணப்பெட்டியும் அவர் கையில்தான். டிக்கெட் வசூலில் மிச்சம் பிடித்த நிதி பெரிதாக வளர்ந்தபோது, ‘மாணவர் விளையாட்டுக்கு இவ்வளவு பணம் எதற்கு?’ என்று பத்திரிகைகள் கிழித்தன. அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். 1914-இல் யேல் பௌல் என்ற கிண்ண வடிவ மைதானம் திறந்தார்கள். முதல் ஆட்டத்தில் ஹார்வர்ட் வந்து 36-0 என்று உதைத்துவிட்டுப் போனது வேறு கதை.

எங்கள் கல்லூரி வாட்ஸப் குழுவில் முன்னாள் மாணவர் உதவி என்றால் ஆளுக்கு ஆயிரம் ரூபாயும் ஒரு குரூப் போட்டோவும்தான். நானும் அந்த போட்டோவில் இருக்கிறேன்.

1925 மார்ச்சில் கால்பந்து விதிக் குழுக் கூட்டத்துக்காக நியூயார்க் போனார் கேம்ப். மறுநாள் காலை ஆளைக் காணோமே என்று ஹோட்டல் அறையில் போய்ப் பார்த்தார்கள். தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது.