"ஜிஞ்சர்"னு கூப்பிட்டா டிஸ்க்ரிமினேஷன் கேஸ் போடலாமா? 750 பவுண்டை எடுத்துக் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கேள்வி: லண்டன் ஹாரோல இருக்கோம். என் வீட்டுக்காரர் ஐரிஷ் குடும்பம். அவரோட முதல் கல்யாணத்துப் பொண்ணு எங்ககூடத்தான் இருக்கா, 12 வயசு, இயர் 8. செக்கச்செவேல்னு முடி. ஒரு வருஷமா ஸ்கூல்ல "ஜிஞ்சர்", "ஆன்மா இல்லாதவ"ன்னு கிண்டல். போன நவம்பர்ல "இன்னைக்கு ஜிஞ்சரை உதைக்கிற நாள்"னு சொல்லி ரெண்டு பசங்க உதைச்சு முட்டிக்குக் கீழ கன்னிப்போச்சு. போய்க் கேட்டா "வெறும் பேன்ட்டர், பசங்க விளையாட்டு"ங்கறாங்க. எங்களுக்கு விசா ஃபார்ம் போட்டுக் கொடுத்த ஒருத்தர், இது ஈக்வாலிட்டி ஆக்ட் கேஸ், ஆயிரக்கணக்குல நஷ்டஈடு வரும், ஃபைல் தொறக்க 750 பவுண்டுன்னு சொல்றார். கொடுக்கலாமா? நான் சித்திதானே, ஸ்கூல்ல கேக்க எனக்கு உரிமை இருக்கா? கறுப்பு டை அடிச்சு விட்டுடலாமான்னும் தோணுது.

பதில்:

கொடுக்காதீங்கம்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், அந்த 750 பவுண்டு முதல்ல உங்க பர்ஸ்லயே இருக்கட்டும்.

இங்கிலாந்துல 2010-ம் வருஷத்து ஈக்வாலிட்டி ஆக்ட்னு ஒண்ணு இருக்கு, பாகுபாடு கேஸ் எல்லாம் அதுலதான் போடுவாங்க. அந்தச் சட்டத்துல மொத்தம் 9 விஷயத்துக்குத்தான் பாதுகாப்பு: வயசு, ஊனம், பாலின மாற்றம், கல்யாணம், கர்ப்பம், இனம், மதம், ஆணா பொண்ணாங்கறது, பாலியல் நாட்டம். அவ்ளோதான். முடி கலர் அதுல இல்ல. இந்த நாட்டுல நூறு வருஷத்துக்கும் மேல செம்முடிக்காரங்களைக் கிண்டல் பண்ணிட்டு வராங்க, பழைய சர்ச் ஓவியங்கள்ல ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்கே சிவப்பு முடி வரைஞ்சு வெச்ச பழக்கம் அது, ஆனா சட்டம் எழுதினவங்க கண்ணுக்கு அது படல. படலன்னு சொல்றதும் தப்பு. இந்தச் சட்டத்தை பார்லிமென்ட்ல கொண்டு வந்த மந்திரி ஹேரியட் ஹார்மன். சட்டம் அமலுக்கு வந்தது 2010 அக்டோபர் 1. அதே அக்டோபர் கடைசியில ஸ்காட்லாந்துல ஒரு கட்சி மாநாட்டு மேடையில அப்போ ஆளுங்கூட்டணியில மந்திரியா இருந்த டேனி அலெக்ஸாண்டரை "ஜிஞ்சர் எலி"ன்னு சொன்னதும் அதே அம்மாதான். அப்புறம் மன்னிப்புக் கேட்டாங்க. சட்டம் கொண்டு வந்தவங்களுக்கே அது ஜோக்காத் தோணியிருக்குன்னா உங்க பொண்ணோட இயர் ஹெட்டுக்குத் தோணாதா சொல்லுங்க.

உங்க ஆள் ஒரு பழைய நியூஸ் காட்டுவார் பாருங்க, எல்லாரும் காட்டுறதுதான். 2007-ல ஒரு வெயிட்ரஸ் அம்மாவுக்கு சிவப்பு முடியைச் சொல்லிக் கேலி பண்ணதுக்கு ட்ரிப்யூனல் (குறிப்பிட்ட விஷயங்களை மட்டும் விசாரிக்கிற சின்ன கோர்ட் மாதிரி) பணம் கொடுக்கச் சொல்லுச்சுன்னு. கொடுக்கச் சொன்னது நிஜம். ஆனா அது வேலை பாக்குற இடம், பேசின பேச்சு ஆபாசம், அதனால பாலியல் தொல்லைன்னு எடுத்துக்கிட்டாங்க. ஸ்கூல் பசங்க கிண்டலுக்கு அதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. "ட்ரிப்யூனல்ல போடலாம்"னு அவர் சொன்னா இன்னும் மோசம், ஏன்னா ஸ்கூல் விஷயத்துல ட்ரிப்யூனல் எடுத்துக்கிறது ஊனம் சம்பந்தப்பட்ட பாகுபாட்டை மட்டும்தான், மத்ததுக்கு கவுன்டி கோர்ட். இது தெரியாத ஆள்கிட்ட ஃபைல் கொடுத்தா ஃபைல் தொறந்தே கிடக்கும், பணம் மட்டும் மூடிக்கும்.

ஆனா உங்க விஷயத்துல ஒரே ஒரு இடத்துல நின்னு யோசிக்கணும், கொஞ்சம் பொறுமையாப் படிங்க. வீட்டுக்காரர் ஐரிஷ்னு எழுதியிருக்கீங்க. இனம்ங்கறது வெறும் தோல் நிறம் இல்ல, எந்த நாடு, எந்த வம்சம்ங்கறதும் அதுல அடக்கம். 1983-லயே ஒரு சீக்கியப் பையன் டர்பன் கட்டக்கூடாதுன்னு ஸ்கூல் சொன்ன கேஸ்ல, சீக்கியர் ஒரு தனி இனக்குழுதான்னு அப்போ இங்க உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் சொல்லிடுச்சு. ஐரிஷ் ட்ராவலர்னு ஊர் ஊராப் போற சமூகம் இருக்கே, அவங்களையும் 2000-ல கோர்ட் தனி இனம்னு ஒத்துக்கிச்சு. அதனால அந்தப் பசங்க "ஜிஞ்சர்"னு மட்டும் சொல்றாங்களா, இல்ல கூடவே "பேடி"ன்னு சொல்றாங்களான்னு பொண்ணுகிட்ட மெதுவாக் கேளுங்க. (நம்ம ஊர் பேடி இல்லம்மா, பேட்ரிக்ங்கற பேரைச் சுருக்கி ஐரிஷ்காரங்களை மட்டம் தட்டுற வார்த்தை.) "உன் நாட்டுக்கே போ", "உருளைக்கிழங்கு திங்கிற கூட்டம்" இந்த மாதிரி வந்திருந்தாலும் எழுதி வையுங்க. ஸ்கூல் கேட்ல உங்களைப் பாத்துட்டு, உங்க நிறத்தைச் சொல்லி, நீங்க தமிழ்ங்கறதைச் சொல்லி அவளைக் கிண்டல் பண்ணாலும் அதே கதைதான், அவ நிறம் வேறயா இருக்கலாம், உங்க இனத்தை வெச்சு அவளைத் துன்புறுத்தினாலும் அது இனத் துன்புறுத்தல். அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னா முடி கிண்டலைப் பின்னாடி தள்ளிட்டு அதை முன்னாடி எழுதுங்க. அப்பவும் அந்தப் பசங்க மேல இந்தச் சட்டத்துல கேஸ் வராது, ஸ்கூல் அதை எப்படிக் கையாண்டுச்சுங்கறதுதான் கேள்வி, ஒரு இனத்துப் புள்ளைக்கு நடந்தா சீரியஸா எடுத்துக்கிட்டு உங்க புள்ளைக்கு நடந்தா "பேன்ட்டர்"ங்கறாங்களாங்கறதுதான் பாயின்ட். கோர்ட்டுக்குப் போறதா இருந்தா நடந்த நாள்லேர்ந்து 6 மாசத்துக்குள்ள. இல்லாததை இருக்கறதா மட்டும் எழுதாதீங்க. "ஐரிஷ்னு சேத்துக்கோங்க, கேஸ் ஸ்ட்ராங்காகும்"னு சொல்லிக் கொடுக்கிற ஆளுங்களை நான் பாத்திருக்கேன், 12 வயசுப் புள்ளையை ஹெட்மாஸ்டர் ரூம்ல உக்கார வெச்சு ரெண்டாவது கேள்வி கேட்டதும் உடைஞ்சு போகுது, அதுக்கப்புறம் நிஜமா உதை வாங்கினதைக்கூட யாரும் நம்பறது இல்ல.

சரி, அப்படி எதுவும் இல்ல, முடி மட்டும்தான்னா? கை கட்டிக்கிட்டு உக்கார வேண்டியதில்ல. ஆயுதம் வேற இடத்துல இருக்கு. 2006-ம் வருஷத்து எஜுகேஷன் அண்ட் இன்ஸ்பெக்‌ஷன்ஸ் ஆக்ட், 89-வது பிரிவு. "எல்லா வகையான" புல்லியிங்கையும் தடுக்க ஹெட் டீச்சர் நடவடிக்கை எடுக்கணும்னு இருக்கு. அந்த "எல்லா" தான் உங்க வார்த்தை, அங்க 9 லிஸ்ட் எல்லாம் கிடையாது, முடியா இருந்தாலும் மூக்கா இருந்தாலும் ஒண்ணுதான். உங்க ஸ்கூல் அகாடமின்னா (கவுன்சில் இல்லாம ஒரு ட்ரஸ்ட் நடத்துற அரசுப் பண ஸ்கூல்) வேற விதி, கேக்கிற கேள்வி அதேதான். பஸ்ல நடந்துச்சு, ஸ்னாப்சாட்ல நடந்துச்சு, எங்க பொறுப்பில்லன்னும் சொல்லுவாங்க, கேட்டுக்கு வெளிய நடக்கிறதையும் நியாயமான அளவுக்குக் கட்டுப்படுத்த அதே பிரிவு ஹெட்டுக்கு அதிகாரம் கொடுத்திருக்கு.

ஸ்கூல் வெப்சைட்ல பிஹேவியர் பாலிசின்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, பிரின்ட் எடுங்க. அதுல புல்லியிங்னா என்னன்னு அவங்களே எழுதியிருப்பாங்க, திரும்பத் திரும்ப, வேணும்னே, மனசையோ உடம்பையோ காயப்படுத்தறதுன்னு, ஏறக்குறைய எல்லா ஸ்கூல்லயும் இதேதான், ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சது. அதுக்குப் பக்கத்துல உங்க தேதிகளை எழுதுங்க. என்னைக்கு, எங்க, யார், என்ன சொன்னாங்க, பொண்ணு யார்கிட்ட சொன்னா, அவங்க என்ன பண்ணாங்க. கால் காயத்துக்கு ஃபோட்டோ இருந்தா வெச்சுக்கோங்க. ஃபோன்ல பேசாதீங்க. பேசினாலும் அன்னைக்கு சாயங்காலமே "இன்னைக்கு நீங்க இப்படிச் சொன்னீங்க"ன்னு ஒரு ஈமெயில் போட்டுருங்க. பதினஞ்சு வருஷமா இதே வேலை பாக்கிறேன், ஜெயிச்ச பேரன்ட்ஸ் எல்லாம் கத்தினவங்க இல்ல, தேதி வெச்சிருந்தவங்க.

ஈமெயில்ல ரெண்டு கேள்வி போதும். இதை உங்க பாலிசிப்படி புல்லியிங்னு பதிவு பண்ணீங்களா? பண்ணலன்னா ஏன்? இந்த ரெண்டாவதுக்கு "பேன்ட்டர்"னு எழுத்துல பதில் சொல்ல எந்த ஹெட்டும் யோசிப்பார், வாயில சொல்றதுதான் ஈஸி. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். ரெண்டு பக்கமும் சிரிச்சாத்தான் விளையாட்டு, ஒருத்தி காலைப் பிடிச்சுட்டு அழுதா அது விளையாட்டு இல்லங்கறதுக்கு பி.எட். படிக்கணுமா?

அவங்க ரெக்கார்டுல பொண்ணைப் பத்தி என்ன இருக்குன்னு பாக்க சப்ஜெக்ட் ஆக்ஸஸ் ரிக்வெஸ்ட்னு கேக்கலாம். பைசா கிடையாது, ஒரு மாசத்துல கொடுக்கணும். சிசிடிவி இருந்தா சம்பவம் நடந்த அன்னைக்கே "அழிக்காதீங்க"ன்னு எழுதிடணும், அதையெல்லாம் ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாங்க. போன நவம்பர் வீடியோ இப்போ இருக்காது, விட்டுருங்க.

ஹெட் பதில் திருப்தி இல்லன்னா கவர்னர்ஸ் (ஸ்கூல் நிர்வாகக் குழு), அதுக்கும் மேல எஜுகேஷன் டிபார்ட்மென்ட். ஆனா டிபார்ட்மென்ட்ல பாக்கிறது என்னன்னா ஸ்கூல் புகாரை முறைப்படி விசாரிச்சுதாங்கறதை மட்டும்தான், உங்க பொண்ணு உதை வாங்கினாளாங்கறதை இல்ல. ஸ்கூல்களை இன்ஸ்பெக்‌ஷன் பண்ற ஆஃப்ஸ்டெட்டுக்கு எழுதலாம்னு வாட்ஸப் க்ரூப்ல சொல்லுவாங்க, எழுதுங்க, ஆனா அவங்க தனித்தனிக் கேஸைத் தீர்த்து வைக்கிற ஆளுங்க இல்ல, "உங்க தகவலுக்கு நன்றி"ன்னு ஒரு பதில் வரும். ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் கைகாட்டுற மாதிரிதான் இதையெல்லாம் கட்டி வெச்சிருக்காங்க. அதனாலதான் சொல்றேன், உங்க முழு பலத்தையும் முதல் கடுதாசியிலயே போடுங்க.

சில ஸ்கூல் இன்னொரு தந்திரம் பண்ணும். ரொம்ப அன்பாக் கூப்பிட்டு உக்கார வெச்சு, "அவளுக்கு இந்த இடம் செட்டாகல போல, கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுப் படிக்க வைக்கலாமே"ம்பாங்க. ஹோம் எஜுகேஷன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா அன்னைக்கே ரெஜிஸ்டர்ல பேரை எடுத்துருவாங்க, சீட் போச்சு, திரும்பக் கேட்டா வெயிட்டிங் லிஸ்ட். எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க. பயந்துக்கிட்டு நீங்களா லீவு போட்டு நிறுத்தினாலும் வம்பு, அனுமதியில்லாத ஆப்சென்ஸ் சேந்துச்சுன்னா ஃபைன் வரும், 21 நாளுக்குள்ள கட்டினா 80 பவுண்டு, தாண்டினா 160, அதுவும் புள்ளைக்கு ஒண்ணுன்னு இல்ல, ஒவ்வொரு பேரன்ட்டுக்கும் தனித்தனியா. உதைச்சவன் ஸ்கூலுக்குப் போவான், உதை வாங்கினவ வீட்டுக்கு ஃபைன் வரும்.

போலீஸ்? ஹேட் க்ரைம்னு எடுத்துக்க மாட்டாங்க, அங்கயும் ஒரு லிஸ்ட், அதுலயும் முடி இல்ல. மான்செஸ்டர் போலீஸ் 2013-ல "காத்"னு கறுப்பு டிரெஸ், கறுப்பு மேக்கப்ல சுத்தற கூட்டம் மாதிரி வித்தியாசமா டிரெஸ் பண்றவங்களையும் சேத்துக்கிட்டாங்க, அதுக்கும் முன்னாடி 2007-ல அப்படி டிரெஸ் பண்ண ஒரு பொண்ணு உயிர் போக வேண்டியிருந்துச்சு. ஆனா உதைக்கிறது உதைக்கிறதுதான், காரணம் எதுவா இருந்தாலும் அது அடிதடிக் குற்றம், 10 வயசு தாண்டின பையன் மேல புகார் கொடுக்கலாம். திரும்ப நடந்தா 101-க்கு ஃபோன் பண்ணி ரெஃபரன்ஸ் நம்பர் வாங்கி ஸ்கூல் ஈமெயில்ல போடுங்க.

அந்த "உதைக்கிற நாள்" நவம்பர் 20. 2005-ல வந்த ஒரு அமெரிக்க கார்ட்டூன் எபிசோடு ஜிஞ்சர்களுக்கு ஆன்மா இல்லன்னு நக்கல் பண்ணுச்சு, 2008-ல கனடாவுல ஒரு பையன் ஃபேஸ்புக்ல க்ரூப் ஆரம்பிச்சான், அது கடல் தாண்டி இங்க வந்துருச்சு. ஸ்கூலுக்கு இந்தத் தேதி தெரியாம இல்ல. நவம்பர் முதல் வாரத்துலயே "20-ம் தேதி என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க, இடைவேளையில யார் டியூட்டி"ன்னு எழுதிக் கேளுங்க. முன்கூட்டியே எழுத்துல சொல்லியும் நடந்துச்சுன்னா அப்புறம் அவங்களால "எதிர்பாக்கல"ன்னு சொல்ல முடியாது.

சித்தின்னா உரிமை இல்லையான்னு கேட்டீங்க. இருக்கு. கல்விச் சட்டத்துல பேரன்ட்ங்கறது பெத்தவங்க மட்டும் இல்ல, குழந்தையை வெச்சுப் பாத்துக்கிறவங்களும்தான். புகார் நீங்களே கொடுக்கலாம். ரெக்கார்டு கேக்கிற கடுதாசியில மட்டும் வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கட்டும், இல்லன்னா "உங்களுக்குப் பேரன்ட்டல் ரெஸ்பான்ஸிபிலிட்டி (குழந்தை மேல சட்டப்படியான பொறுப்பு) இருக்கா"ன்னு கேட்டே ஒரு மாசத்தை ஓட்டிருவாங்க.

டை வேண்டாம். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, 16 வயசுக்குக் கீழ போடக்கூடாதுன்னே எழுதியிருக்கும், அலர்ஜி வந்தா முகம் வீங்கும். வேர்ல சிவப்பு முளைக்கிற அன்னைக்கு கிண்டல் ரெண்டு மடங்காகும். ஊர்லேர்ந்து உங்க அம்மா வீடியோ கால்ல "ஏன் புள்ளைக்கு முடி செம்பட்டையா இருக்கு, எண்ணெய் வைக்கறதில்லையா"ன்னு கேட்டிருப்பாங்களே, கரிசலாங்கண்ணித் தைலம் பார்சல்ல வந்தாலும் ஆச்சரியமில்ல. நம்ம ஊர்ல செம்பட்டைன்னா எண்ணெய் காணாத முடி, சத்துக் குறைஞ்ச புள்ளை. இது அது இல்ல. 16-வது குரோமோசோம்ல எம்சி1ஆர்னு ஒரு ஜீன், அதோட மாறின வடிவம் அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு அப்பாகிட்டேர்ந்து ஒண்ணுன்னு வரும், அது கறுப்பு நிறமிக்குப் பதிலா சிவப்பு நிறமியைச் செய்யுது. உலகத்துல நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். எண்ணெய்ல மாறாது. வெயில்ல சீக்கிரம் தோல் கன்னும், கோடையில சன்ஸ்க்ரீன் போட்டு அனுப்புங்க. "செம்பட்டை"ங்கற வார்த்தையை வீட்டுல யாரும் செல்லமாக்கூட சொல்ல வேணாம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க, அவளுக்குத் தமிழ் அரைகுறையாப் புரியும்ல.

கடைசியா உங்க விசா ஆள். சொலிஸிட்டர்னு பேர் போட்டுக்க லைசென்ஸ் வேணும், இல்லாம போட்டுக்கிட்டா குற்றம். "லீகல் அட்வைசர்", "கன்சல்டன்ட்"னு யார் வேணா கார்டு அடிச்சுக்கலாம். சொலிஸிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டி வெப்சைட்ல பேரைத் தட்டிப் பாருங்க, ரெண்டு நிமிஷம். ஏற்கனவே அட்வான்ஸ் ஏதும் கொடுத்திருந்தா எழுத்துல திருப்பிக் கேளுங்க, இனிமே கேஷா ஒரு பவுண்டுகூட கொடுக்காதீங்க. "ஆள் நல்லவர், கோயில்ல பழக்கம்"னு எழுதப் போறீங்க, எனக்குத் தெரியும். கோயில்ல பழகினவரா இருந்தா ரசீது கொடுப்பார், கேட்டுப் பாருங்க.