சைட்டுக்கு வந்த கூட்டம் எங்கே போனது? கேள்வி பதில்

இணையதளத்துக்கு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், எப்படி மீட்பது என்று தொழில் நடத்துகிற பலர் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகளைச் சுருக்கி, ஊரையும் தொழிலையும் மட்டும் போட்டுப் பதில் எழுதுகிறேன். பதில்களில் சர்ச் கன்சோல் அடிக்கடி வரும். கூகுள் இலவசமாகத் தருவது அது. உங்கள் சைட் எந்தத் தேடலில் எத்தனை முறை தெரிந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று 16 மாதக் கணக்கு அதில் இருக்கும். எந்தப் பக்கம், எந்தச் சொல், எந்தத் தேதி என்ற மூன்றையும் அதில் பார்க்காமல் சைட்டில் ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள். காரணம் தெரியாமல் செய்கிற வைத்தியம், மிச்சம் இருக்கிற கூட்டத்தையும் கலைத்துவிடும்.

கரூர், வீட்டுத் துணி ஏற்றுமதி: அக்கா, புது வெப்சைட் போட்டு ஆறு வாரம் ஆகுது. பழைய சைட்ல வாரா வாரம் வெளிநாட்டு என்கொயரி வரும். இப்போ சுத்தமா நின்னுபோச்சு. "கூகுளுக்குப் புது சைட் பழக டைம் எடுக்கும், பொறுங்க"ன்னு டெவலப்பர் சொல்றார். பொறுக்கலாமா?

பொறுக்க வேண்டாம். சைட்டை மாற்றினால் கொஞ்ச நாள் ஏற்ற இறக்கம் இருக்கும்தான். ஆனால் ஆறு வாரமாக ஒன்றுமே இல்லை என்றால் எங்கோ கதவு அடைபட்டிருக்கிறது.

முதலில் இரண்டு நிமிட வேலை. உங்கள் சைட் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியது என்றால் அமைப்புகளில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கும். சைட்டைக் கட்டும்போது டெவலப்பர்கள் அதில் டிக் போட்டு வைப்பார்கள்; திறப்பு விழா அவசரத்தில் எடுக்க மறந்துவிடும். அந்த ஒரு டிக், மொத்த சைட்டையும் கூகுளிலிருந்து இறக்கிவிடும். தேடுபொறிகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்று சொல்கிற ரோபோட்ஸ் கோப்பையும் (robots.txt) திறந்து பாருங்கள். டிஸ்அலோ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெறும் சாய்கோடு மட்டும் இருந்தால், யாரும் உள்ளே வராதே என்று பொருள்.

அங்கே தப்பு இல்லையென்றால் பக்கங்களின் முகவரிகளைப் பாருங்கள். இத்தனை வருடம் கூகுள் மதிப்புக் கொடுத்தது உங்கள் கம்பெனி பெயருக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு பக்கத்தின் முகவரிக்கும்தான். பழைய சைட்டில் கிச்சன் டவலுக்கு ஒரு பக்கம், அதற்கு வெளிநாட்டு வியாபாரிகள் யாரோ கொடுத்த இணைப்பு, அதில் வந்து விழுந்த தேடல்கள் எல்லாம் அந்த முகவரியோடு சேர்ந்தவை. புது சைட்டில் அதே சரக்கு வேறு முகவரியில் இருந்தால், பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 ரீடைரக்ட் (வருகிறவரை நிரந்தரமாகத் திருப்பிவிடுகிற ஏற்பாடு) போட்டே ஆக வேண்டும். பழைய முகவரிப் பட்டியல் கைவசம் இல்லையா? சர்ச் கன்சோலில் சைட் மாறுவதற்கு முந்தைய மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுத்துப் பக்கங்களின் பட்டியலை இறக்கிக்கொள்ளுங்கள், ஆயிரம் வரி வரை தரும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் பழைய சைட்டின் படிகள் கிடைக்கும்.

இன்னொன்றையும் அங்கே கவனியுங்கள். பழைய பக்கத்தில் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்குத் துணியின் எடை) எவ்வளவு, என்ன அளவு, எந்த நூல், குறைந்தபட்சம் எத்தனை பீஸ் ஆர்டர் எடுப்பீர்கள் என்றெல்லாம் எழுதியிருப்பீர்கள். புது டிசைனில் அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பெரிய படமும் ஒரு வரி வாசகமும் வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் தேடுவது அந்த ஜிஎஸ்எம்மையும் அளவையும்தான். பழைய எழுத்தை அப்படியே திரும்பப் போடுங்கள்.

மறுபடியும் கரூர்: டெவலப்பர்கிட்ட கேட்டேன் அக்கா. பழைய பக்கம் எல்லாத்தையும் ஹோம் பேஜுக்குத் திருப்பி விட்டிருக்காராம். போதும்ல?

போதாது. டவல் கேட்டு வந்தவரை வாசலில் நிறுத்தி வைக்கிற வேலை அது. கூகுள் அதைப் பக்கம் இல்லாததற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளும். கன்சோலில் சாஃப்ட் 404 என்று காட்டும் (404 என்பது பக்கம் இல்லை என்ற பிழை). டவல் பக்கம் டவல் பக்கத்துக்கு, ஏப்ரன் பக்கம் ஏப்ரன் பக்கத்துக்கு என்று ஒவ்வொன்றாகத் திருப்புங்கள். அதிகம் பேர் வந்த பக்கங்களிலிருந்து ஆரம்பியுங்கள். ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்காமலே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து.

ஈரோடு, மஞ்சள் தூள் விற்பனை: அனலிட்டிக்ஸ்ல செவ்வாய்க்கிழமையிலிருந்து பூஜ்யம். ஆனா ஆர்டர் வழக்கம்போல வருது. என்ன பண்ணணும்?

கூட்டம் குறையவில்லை, எண்ணுகிற கருவி கழன்றுவிட்டது. தீம் (சைட்டின் தோற்ற வடிவமைப்பு) ஏதாவது மாற்றினீர்களா, பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை மென்பொருள்) எதையாவது எடுத்தீர்களா என்று பாருங்கள். அனலிட்டிக்ஸ் குறியீட்டைத் திரும்பப் பொருத்தினால் சரியாகிவிடும்.

காஞ்சிபுரம், பட்டுச் சேலை: 2025 அக்டோபர்ல கடைசிப் பத்து நாள், போன வருஷம் அதே தேதியோட ஒப்பிட்டா பாதிக்கும் கீழே. ஏஜென்சிக்காரங்க சைட்டையே புதுசா பண்ணணும்ங்கறாங்க மேடம்.

எதையும் புதிதாகச் செய்யாதீர்கள். காலண்டரைப் பாருங்கள். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. 2024இல் அந்தக் கடைசிப் பத்து நாள் தீபாவளிக் கொள்முதலின் உச்சம். 2025இல் அதே தேதிகளில் பண்டிகை முடிந்து ஊரே ஓய்ந்துவிட்டது. தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் கடையே படுத்துவிட்ட மாதிரிதான் தெரியும்.

கன்சோலில் தேதிகளை நீங்களே குறிப்பிட்டு ஒப்பிடலாம். 2025 செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 20 வரை ஒரு பக்கம், 2024 அக்டோபர் 2 முதல் 31 வரை மறுபக்கம். இரண்டும் தீபாவளியோடு முடிகிற 30 நாள். அதிலும் குறைந்திருந்தால் எந்தச் சேலை வகைக்குக் குறைந்தது என்று தேடுங்கள். முகூர்த்தச் சேலைக்கும் இதே கணக்குதான். ஆடியை ஆவணியோடு ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். போன வருடத்து ஆடியோடு ஒப்பிடுங்கள்.

மதுரை, சுற்றுலா வேன் வாடகை: எங்க சைட் பேரைக் கூகுள்ல போட்டா ஜப்பான் எழுத்துல ஏதேதோ பக்கம் வருது. கிளிக் பண்ணினா "பக்கம் இல்லை"ன்னு காட்டுது. அதனால பிரச்சினை இல்லைன்னு விட்டுட்டேன். இப்போ புக்கிங்கே வரலை.

உங்கள் சைட்டுக்குள் ஆள் புகுந்துவிட்டார்கள். இது பல வருடமாக நடக்கிற ஊடுருவல். கூகுள் இதற்கென்றே தனி வழிகாட்டி எழுதி வைத்திருக்கிறது. ஊடுருவியவர் போலிச் சரக்கு விற்கிற ஜப்பானியப் பக்கங்களை உங்கள் சைட்டில் ஆயிரக்கணக்கில் நட்டுவிடுவார். நீங்கள் போய்ப் பார்த்தால் பக்கம் இல்லை என்று வரும், கூகுள் வந்தால் மட்டும் முழுப் பக்கம் தெரியும். அப்படி ஆளுக்கு ஒரு முகம் காட்டுவதால்தான் நீங்களும் பிரச்சினை இல்லை என்று நம்பிவிட்டீர்கள். கன்சோலில் யூஆர்எல் பரிசோதனையில் அந்த முகவரியைக் கொடுத்து நேரடிச் சோதனை செய்தால் கூகுள் பார்ப்பது என்னவென்று தெரியும்.

முதலில் கன்சோலின் அமைப்புகளில் பயனர்கள் பட்டியலைத் திறங்கள். தெரியாத ஜிமெயில் ஒன்று உரிமையாளராக உட்கார்ந்திருக்கலாம். அதை நீக்கினால் மட்டும் போதாது. அவர் தன்னை உரிமையாளர் என்று நிரூபிக்கச் சைட்டில் வைத்த சரிபார்ப்புக் கோப்பையும், அதைப் போலியாக உருவாக்கித் தருகிற வரிகள் எச்டிஅக்சஸ் (.htaccess) என்ற சர்வர் அமைப்புக் கோப்பில் இருந்தால் அவற்றையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் திரும்ப வந்துவிடுவார். அவர் சமர்ப்பித்த சைட்மேப் (கூகுளுக்குக் கொடுக்கிற பக்கப் பட்டியல்) இருந்தால் அதையும் நீக்குங்கள். பிறகு ஊடுருவலுக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து சைட்டை மீட்டு, வேர்ட்பிரஸ், பிளகின், தீம் எல்லாவற்றையும் புதுப்பித்து, ஹோஸ்டிங், எஃப்டிபி, டேட்டாபேஸ், அட்மின் எனக் கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுங்கள். காசு கொடுக்க வேண்டிய தீம் ஒன்றை எங்கிருந்தோ இலவசமாக இறக்கிப் போட்டிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

பதற்றத்தில் அந்த ஜப்பானியப் பக்கங்களை ரோபோட்ஸ் கோப்பில் தடுக்காதீர்கள். தடுத்தால் அவை அழிந்துபோனதைக் கூகுள் வந்து பார்க்க முடியாது, பட்டியலில் அப்படியே கிடக்கும். 404 அல்லது, நிரந்தரமாக நீக்கியாயிற்று என்று சொல்கிற 410 காட்டட்டும், தானாக உதிரும். பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியில் எச்சரிக்கை வந்திருந்தால், எல்லாம் சுத்தமான பிறகு மறுபரிசீலனை கேளுங்கள்.

கோவை, பம்ப்செட் தயாரிப்பு: 2025 ஜூலையில பாதி டிராஃபிக் போச்சு மேடம். அதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட கொடுத்து ஏஐயில நானூறு கட்டுரை போட்டிருந்தோம். எல்லாத்தையும் அழிச்சா திரும்ப வந்துடுமா?

2025 ஜூன் 30 முதல் ஜூலை 17 வரை கூகுளின் கோர் அப்டேட் (தேடல் வரிசை முறையில் செய்கிற பெரிய மாற்றம்) ஒன்று ஓடியது. உங்கள் சரிவு அந்த நாட்களில்தான் தொடங்கியதா என்று தேதியைச் சரிபாருங்கள். கன்சோலில், விதிமீறலுக்குக் கூகுள் ஆட்களே பார்த்துக் கொடுக்கிற தண்டனை தெரியும் மேனுவல் ஆக்‌ஷன்ஸ் பகுதியையும் திறங்கள். தேடலில் மேலே வருவதற்காகவே பயனில்லாத பக்கங்களைக் குவிப்பது விதிமீறல் என்று 2024 மார்ச்சிலேயே கூகுள் அறிவித்துவிட்டது. அதை ஏஐ எழுதினாலும் ஆள் எழுதினாலும் ஒன்றுதான். அங்கே நோட்டீஸ் இருந்தால் திருத்திவிட்டு மறுபரிசீலனை கேட்கலாம். இல்லையென்றால் உங்களுக்குக் கிடைத்தது தண்டனை இல்லை. உங்களைவிட வேறு சிலருடைய பக்கங்கள் பயனுள்ளவை என்று மொத்தத்தையும் எடைபோட்டு வரிசையை மாற்றியிருக்கிறார்கள்.

நானூறையும் கண்ணை மூடிக்கொண்டு அழிக்க வேண்டாம். ஒரு ஷீட்டில் போட்டு, எதற்கு ஆள் வந்தார்கள், எதைப் படித்துவிட்டு போன் செய்தார்கள் என்று பாருங்கள். யாரும் வராத, எங்கும் கிடைக்கிற விஷயத்தையே திருப்பிச் சொல்கிற கட்டுரைகளை நீக்குங்கள். ஒரே விஷயத்தைப் பத்து விதமாகச் சொல்பவற்றை ஒன்றாக்கி, மற்ற ஒன்பதை அதற்குத் திருப்புங்கள். தேதியை மட்டும் மாற்றிப் புதியது போலக் காட்டுவதால் பலன் இல்லை.

அதோடு, உங்கள் சர்வீஸ் ஆட்களுடன் உட்காருங்கள். இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். 300 அடி போருக்கு எத்தனை ஸ்டேஜ் போடுவது, லோ வோல்டேஜில் காயில் எரிந்து வருகிற மோட்டாரைப் பிரித்தால் எப்படி இருக்கும், மணல் ஏறுகிற கிணற்றில் இம்பெல்லர் எப்படித் தேயும் என்று அவர்களுக்கு அத்துப்படி. பிரித்த மோட்டாரை போட்டோ எடுத்து, பம்ப் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றும் என்று காட்டுகிற உங்கள் ஹெட் அட்டவணையோடு போடுங்கள். பம்ப் வாங்க வருகிற விவசாயி தேடுவது இதைத்தான், வேறு யாரிடமும் இது இருக்காது. சில நேரம் அடுத்த கோர் அப்டேட் வரும்வரை பலன் தெரியாது, மாதங்கள் ஆகலாம். முப்பது நாளில் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று எவராவது உத்தரவாதம் கொடுத்தால் பணம் கட்டாதீர்கள்.

சென்னை, பல் மருத்துவமனை: ரேங்க் அப்படியே இருக்கு, கிளிக் மட்டும் குறையுது. ஏன்?

எந்தச் சொற்களுக்குக் குறைந்தது என்று பிரித்துப் பாருங்கள். "பல் கூச்சம் ஏன் வருகிறது" போன்ற கேள்விகளுக்கு, 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த ஏஐ ஓவர்வியூ (கூகுளே ஏஐ மூலம் எழுதித் தருகிற சுருக்கம்) மேலேயே பதில் சொல்லிவிடுகிறது. கீழே இறங்கி வருகிறவர்கள் குறைவு. அந்தக் கிளிக்கில் பெரும்பகுதி திரும்ப வராது, அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். உங்கள் பகுதிப் பெயரோடு ரூட் கேனல் கட்டணம் தேடுகிறவர் இன்னும் உள்ளே வருகிறாரா, அப்பாயின்ட்மென்ட் குறைந்திருக்கிறதா என்பதுதான் கணக்கு. கட்டணத்தையும் எத்தனை முறை வரவேண்டும் என்பதையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

தஞ்சாவூர், தலையாட்டி பொம்மை: அக்கா, வேர்ட்பிரஸ்லேர்ந்து வேற இடத்துக்கு மாறினோம். தலைப்புகளை வச்சு ரீடைரக்ட் எல்லாம் சரியா போட்டோம். ஆங்கிலப் பக்கம் வேலை செய்யுது, தமிழ்த் தலைப்புள்ள பக்கம் மட்டும் 404.

தலைப்பை வைத்துப் போட்டதால்தான். வேர்ட்பிரஸ் பக்க முகவரிக்கு 200 எழுத்திடம்தான் ஒதுக்குகிறது. தமிழின் ஒவ்வொரு குறியும் முகவரியில் சதவீதக் குறிகளாக மாறி ஒன்பது இடம் பிடிக்கும். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் கணக்கு. "தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை செய்முறை" என்று தலைப்பு வைத்தால், "தஞ்சாவூர்-தலையாட்டி-பொம்" என்பதிலேயே 200 நிரம்பி மீதி வெட்டுப்பட்டிருக்கும். நீங்கள் முழுத் தலைப்பிலிருந்து ரீடைரக்ட் போட்டால் அந்த வெட்டுப்பட்ட முகவரியோடு பொருந்தாது. கன்சோலிலிருந்து உண்மையான முகவரிகளை இறக்கி அவற்றை வைத்துப் போடுங்கள். இனி புதுப் பக்கங்களுக்கு முகவரியை இரண்டு சொல்லில் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

திருப்பூர், பனியன் மொத்த வியாபாரம்: கெட்ட லிங்க் நிறைய இருக்காம். எடுக்க நாற்பதாயிரம் கேக்கறாங்க.

கொடுக்காதீர்கள். தெரியாத சைட்டுகளிலிருந்து குப்பை இணைப்பு வருவது எல்லோருக்கும் நடப்பது, கூகுள் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்காது. நீங்களே காசு கொடுத்து இணைப்பு வாங்கியிருந்து, அதற்காக மேனுவல் ஆக்‌ஷனும் வந்திருந்தால் மட்டும் இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்கிற டிஸ்அவோ பற்றி யோசிக்கலாம்.

சேலம், வெள்ளிக் கொலுசு: ஹேக்கர் தொல்லை தாங்காம ஹோஸ்டிங்ல சொல்லி வெளிநாட்டு ஐபி எல்லாத்தையும் பிளாக் பண்ணிட்டோம். எங்களுக்கு இங்க சைட் நல்லா திறக்குது. ஆனா கூகுள்லேர்ந்து பக்கம் பக்கமா காணாம போகுது.

சைட்டுகளைப் படித்துப் பட்டியலில் சேர்க்க வருகிற கூகுளின் கூகுள்பாட் பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்துதான் வரும். ஹேக்கரோடு அதையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டீர்கள். கன்சோல் அமைப்புகளில் கிரால் புள்ளிவிவரம் (கூகுள்பாட் வந்துபோன கணக்கு) பாருங்கள், தடை போட்ட நாளிலிருந்து வருகை சரிந்தோ பிழைகள் ஏறியோ இருக்கும். நாடு வாரியான தடையை எடுக்கச் சொல்லுங்கள். லாகின் பக்கத்துக்கு மட்டும் தடையை வைத்துக்கொண்டு, இரண்டடுக்குக் கடவுச்சொல் போடுங்கள். பிறகு முக்கியமான கொலுசுப் பக்கம் ஒன்றை யூஆர்எல் பரிசோதனையில் கொடுத்து நேரடிச் சோதனை செய்யுங்கள். பக்கம் படத்தோடு முழுதாகத் தெரிந்தால் சைட்மேப்பைத் திரும்பச் சமர்ப்பித்துவிடலாம். தெரியவில்லை என்றால் ஹோஸ்டிங்குக்கு முன்னால் வேறு ஃபயர்வால் இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள், அங்கிருந்து பார்ப்போம்.