நடுக்கத்துக்குப் பூனைக்காலிப் பொடி: மாத்திரையோடு சேர்ந்தால் என்ன ஆகும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. பார்க்கின்சன் நோய்க்காக ஆறு வருடமாக '125' மாத்திரையை மூன்று வேளை சாப்பிடுகிறார். பெரியப்பா சொன்னதைக் கேட்டு, இரண்டு மாதமாக நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பூனைக்காலி விதைப் பொடியைக் காலையும் இரவும் ஒரு டீஸ்பூன் பாலில் கலந்து கொடுக்கிறோம். முதலில் நடை நன்றாகத் தெளிந்தது. இப்போது தோளும் கழுத்தும் தானாக நெளிகின்றன. எழுந்தால் கிறுகிறுக்கிறது. ராத்திரியில், திண்ணையில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார். நோய் முற்றிவிட்டதா? மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் கொடுக்கலாமா? இயற்கையானதுதானே? உடல் பலத்துக்கு நானும் சாப்பிடலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் நோய் முற்றியதாகத் தெரியவில்லை. மருந்து கூடிப்போயிருக்கிறது. பூனைக்காலி விதையில் இருப்பதும் அப்பாவின் மாத்திரையில் இருப்பதும் ஒரே பொருள்தான்: லெவோடோபா. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் இந்த விதையிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். பார்க்கின்சன் நோயாளிகளுக்கு வியன்னாவில் அதை ஊசியாகப் போட்டுப் பார்த்தது 1961-ல்தான். ஆகவே பெரியப்பா சொன்னதில் விஷயம் இருக்கிறது. பொடி வேலை செய்கிறது. சிக்கலே அதுதான்.

பார்க்கின்சன் நோயில், உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் டோபமின் என்ற பொருள் குறைந்துபோகிறது. டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. லெவோடோபா போகும், உள்ளே போய் டோபமினாக மாறும். ஆனால் வெறும் லெவோடோபாவைச் சாப்பிட்டால் பெரும்பகுதி வழியிலேயே, குடலிலும் ரத்தத்திலும் டோபமினாகிவிடும். குமட்டலும் ரத்த அழுத்தம் இறங்குவதும் அதனால்தான். இதைத் தடுக்கத்தான் மாத்திரையில் கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தைச் சேர்க்கிறார்கள். அது சேர்ந்தால் லெவோடோபாவின் அளவை ஏறத்தாழ முக்கால் பங்கு குறைத்துவிடலாம்.

இப்போது உங்கள் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 125 மாத்திரையில் 100 மில்லிகிராம் லெவோடோபா, 25 மில்லிகிராம் கார்பிடோபா. பூனைக்காலி விதையில் சுமார் 4 முதல் 6 சதவீதம் லெவோடோபா இருக்கும். ஒரு டீஸ்பூன் பொடியை 4 கிராம் என்று வைத்தாலும் 160 முதல் 240 மில்லிகிராம் வரும். அதாவது ஒரு வேளைப் பொடி ஏறக்குறைய இரண்டு மாத்திரை. பொடியை மட்டும் சாப்பிடுகிறவருக்கு அதில் பெரும்பகுதி வழியிலேயே வீணாகும். அப்பாவுக்கு அப்படி இல்லை. மாத்திரையிலுள்ள கார்பிடோபா, பொடியிலுள்ள லெவோடோபாவையும் காப்பாற்றி மூளைக்கு அனுப்பிவிடும். மூன்று மாத்திரை சாப்பிடுகிறவர் ஆறு, ஏழு சாப்பிட்டது மாதிரி ஆகலாம். தோள் நெளிவது, இல்லாத பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவது, எழும்போது கிறுகிறுப்பது எல்லாம் லெவோடோபா அதிகமானால் வருபவைதான்.

இயற்கையானதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். மூளைக்குள் போனபின் அந்த மூலக்கூறு கொடியில் விளைந்ததா, தொழிற்சாலையில் செய்ததா என்ற பேதம் கிடையாது. வித்தியாசம் அளவில்தான். விதைக்கு விதை சத்து மாறும், வேகவைத்தால் குறையும். மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் இந்த விதையைப் பலமுறை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிய பிறகுதான் சாப்பிடுவார்கள். சித்த மருத்துவர்களும் சுத்தி செய்துதான், அதாவது முறைப்படி சுத்திகரித்துத்தான் கொடுப்பார்கள். கடையில் வாங்கிய பொடி பச்சை விதையை அரைத்ததா, சுத்தி செய்ததா என்று பொட்டலத்தைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா?

இந்தப் பொடியை மேல்நாட்டில் முறையாகச் சோதித்தும் இருக்கிறார்கள். லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு 30 கிராம் பொடி கொடுத்தபோது, மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. அந்த முடிவு 2004-ல் வெளியானது. ஆனால் அங்கே மருத்துவர்கள் பக்கத்தில் இருந்து, அளந்து, ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரையோடு மாதக்கணக்கில் சேர்த்துக் கொடுப்பது வேறு.

சரி, இப்போது என்ன செய்வது? மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று விட்டால் உடல் விறைத்து, கடும் காய்ச்சலும் குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. பொடியில் இரவு வேளையை இன்றே விட்டுவிடுங்கள். காலை வேளையை எப்படி நிறுத்துவது, மாத்திரையை மாற்ற வேண்டுமா என்பதை நரம்பியல் மருத்துவர் சொல்லட்டும். இந்த வாரத்துக்குள் பாருங்கள். பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். அதற்குள், அப்பாவைப் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து ஒரு தடவை ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வையுங்கள். நெளிவு எத்தனை மணிக்கு வருகிறது, அதற்கு எவ்வளவு நேரம் முன்பு மாத்திரை போட்டார் என்பதையும் எழுதுங்கள். சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இந்த வயதில் சிறுநீர்த் தொற்று வந்தாலும் இல்லாதது கண்ணில் தெரியும். எல்லாப் பழியையும் பொடிமேல் போட்டுவிடக் கூடாது.

அப்புறம் அந்தப் பால். பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம், குடலில் லெவோடோபாவோடு போட்டிபோட்டு உள்ளே போவதைக் குறைக்கும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வெறும் தண்ணீரில் கொடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுக்காமல் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள்.

நீங்கள் சாப்பிடலாமா? வேண்டாம். உங்கள் மூளை தனக்கு வேண்டிய டோபமினைத் தானே செய்துகொள்கிறது. மேலே ஊற்றினால் பலம் வராது. குமட்டலும் தலைசுற்றலும் வரலாம். மனநோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அந்தப் பொட்டலத்தைத் தொடவே கூடாது.