ஒரே மா, நாலு சுவை: மழைக்காலத்தில் பரிசுக்கு பிஸ்கட் சுடும் முறை

கொக்குவிலிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் சொந்தக்காரர் ஐந்து வீட்டுக்கு நானே சுட்ட பிஸ்கட்டுகளைப் பல சுவைகளில் கொடுக்க ஆசை. போன வருடம் சுட்டவை ஓவனுக்குள் உருகிப் பரவி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மொறுமொறுப்பும் இரண்டு நாளில் போய்விட்டது. என்னிடம் இருப்பது சின்ன மேசை ஓவன். அம்மம்மா முட்டை சாப்பிடமாட்டா. ஒரு பார்சல் கொழும்புக்கும் போக வேண்டும். என்ன செய்யலாம்?"

நாலு சுவைக்கு நாலு செய்முறை தேடாதீர்கள். ஒரே மாவைக் குழைத்து நாலாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேறு வாசனைப் பொருளைச் சேருங்கள். எல்லாம் ஒரே சூட்டில், ஒரே நேரத்தில் வேகும். அளவும் மனதில் நிற்கும்: நிறைப்படி சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு பங்கு, மா மூன்று பங்கு. இதற்கு முட்டையும் வேண்டாம், பேக்கிங் பவுடரும் வேண்டாம்.

ஐந்து வீட்டுக்கு 200 கிராம் சீனி, 400 கிராம் பட்டர், 600 கிராம் மா எடுங்கள். மொத்தம் 1,200 கிராம் வரும். பச்சை மாவில் ஒன்று 15 கிராம் என்று வெட்டினால் 80 பிஸ்கட். வீட்டுக்குப் பதினாறு, ஒவ்வொரு சுவையிலும் நாலு. அந்த 600 கிராமில் 500 மட்டும் கோதுமை மாவாக இருக்கட்டும், மீதி 100 வறுத்த அரிசி மா. அரிசி மா சேர்ந்தால் பிஸ்கட் வாயில் வைத்தவுடன் உதிரும், அம்மம்மாவின் பல்லுக்கும் சுகம். ஆனால் மாவை நன்றாக அரிக்க வேண்டும், குறுணி இருந்தால் நறநறக்கும். நம் கடைச் சீனி பருமன், அதை கிரைண்டரில் ஒரு சுற்று அடித்துக்கொள்ளுங்கள். உப்புப் பட்டர் என்றால் வேறு உப்பு வேண்டாம்.

பட்டர் வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். கொழுப்பு 80 வீதம் அளவில் இருக்க வேண்டும். பாணில் பூசுவதற்கென்று விற்கும் ஸ்பிரெட் வகைகளில் தண்ணீர் அதிகம், அவற்றில் இந்த பிஸ்கட் சரிவராது. செலவு இடித்தால் பாதி பட்டர், பாதி மாஜரின் போடலாம். முழுவதும் மாஜரின் என்றால் உருவம் நன்றாக நிற்கும், ஆனால் வாசம் குறையும். பரிசாகக் கொடுப்பதற்கு அதை நான் சொல்லமாட்டேன்.

இனி, ஏன் உருகிப் பரவின? பட்டர் 32, 35 பாகையில் உருகிவிடும். மழைக்காலத்திலும் பகலில் நம் குசினி முப்பதை நெருங்கும். நீங்கள் சீனியோடு அடிக்கும்போதே அது பாதி எண்ணெயாகிவிட்டிருக்கும். அதை ஓவனுக்குள் வைத்தால், மா வெந்து இறுகுவதற்கு முன்பே பட்டர் ஓடிவிடும். ஆகவே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்தில் அடிக்கத் தொடங்குங்கள். சீனியும் பட்டரும் ஒன்றாகச் சேர்ந்தால் போதும், கேக்குக்கு அடிப்பது போல நுரைக்க அடிக்கக் கூடாது. மா சேர்த்த பிறகும் பிசையாமல் கையால் திரட்டி, நாலாகப் பிரித்து, சுவையைக் கலந்து, உருளையாக உருட்டி, தாளில் இறுக்கிச் சுற்றி ஃபிரிட்ஜில் குறைந்தது இரண்டு மணி நேரம் வையுங்கள். உங்கள் கேள்விக்கு உண்மையான மருந்து இந்த இரண்டு மணி நேரம்தான்.

சுவைகளில் ஒரே விதி: ஈரம் சேர்க்காதீர்கள். நாலில் ஒரு பங்கு, அதாவது 300 கிராம் குழைத்த மாவுக்கு, எட்டு ஏலக்காயின் விதையைச் சிறிது சீனியோடு இடித்துப் போடலாம். அடுத்ததற்கு மூன்று மேசைக்கரண்டி வறுத்த எள்ளு, ஆறிய பிறகு. மூன்றாவதற்கு வேர்க்கொம்புத் தூள் ஒரு தேக்கரண்டியும் ஒரு சிட்டிகை கராம்புத் தூளும். பச்சை இஞ்சி வேண்டாம், அதன் சாறு மாவை இளக்கிவிடும். நாலாவதற்கு மூன்று தேசிக்காயின் தோல். வெள்ளைப் பகுதி கைக்கும் என்பதால் மேல் பச்சையை மட்டும் மெல்லத் துருவ வேண்டும், தேசிப்புளியை ஊற்றக் கூடாது. எனக்கு நாலிலும் பிடித்தது இதுதான், பட்டரின் திகட்டலை அது அப்படியே வெட்டிவிடும்.

கச்சான் போட ஆசை என்றால் எள்ளுக்குப் பதிலாகப் போடலாம். ஆனால் கச்சான், எள்ளு இரண்டுமே சிலருக்கு ஒவ்வாமை தருபவை. பிள்ளைகள் உள்ள வீடுகளில் முதலே கேட்டுவிடுங்கள், அவற்றைத் தனித் தாளில் சுற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். தேங்காய்ப்பூவை ஈரமாகப் போட்டால் சீக்கிரம் சிக்கு வாடை வரும்.

பனங்கட்டி போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாழ்ப்பாணத்துப் பரிசில் அந்த வாசம் இருந்தால் கொழும்பில் இருப்பவர்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! சீனியில் பாதியைத் துருவிய பனங்கட்டியாக மாற்றலாம். ஆனால் அது காற்றின் ஈரத்தைச் சீனியைவிட வேகமாக இழுக்கும், விரைவில் கருகும். அதைத் தனியாகக் குழைத்து, பத்துப் பாகை குறைத்துச் சுட்டு, மற்றவற்றோடு ஒரே ரின்னில் போடாமல் வையுங்கள். சீனி வியாதி உள்ள மாமாவுக்கு "இது பனங்கட்டிதானே" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். இரத்தத்தில் அதுவும் சீனிதான்.

சுடும் நாள். சின்ன ஓவனில் கம்பிகள் மேலும் கீழும் பக்கத்திலேயே இருக்கும், முள் காட்டும் சூட்டையும் முழுதாக நம்ப முடியாது. 170 பாகையில் கால் மணி நேரம் வெறுமனே சூடாக்கி, நடுத்தட்டில் முதலில் இரண்டு துண்டை மட்டும் வைத்துப் பாருங்கள். அவை எப்படி வருகின்றன என்று பார்த்து சூட்டைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். உருளையை முக்கால் சென்ரிமீற்றர் கனத்தில் வெட்டி, இடைவெளி விட்டு அடுக்கி, பாதியில் தட்டைத் திருப்புங்கள். 14 முதல் 16 நிமிடத்தில் ஓரம் இளம்பொன்னாக வரும். நடு மெத்தென்று இருந்தாலும் எடுத்துவிடுங்கள், ஆறும்போது இறுகும். அடுத்த ஈட்டைச் சூடான தட்டில் வைக்கக் கூடாது, வைத்தவுடன் பட்டர் உருகத் தொடங்கிவிடும்.

மொறுமொறுப்பு போனதற்குக் காரணம் மார்கழிக் காற்று. பிஸ்கட் அதன் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. முற்றாக ஆறியவுடன், அதாவது கையில் சூடே தெரியாதபோது, காற்றுப் புகாத ரின்னில் போட்டு மூடுங்கள். கொஞ்சம் சூடாக மூடினாலும் ஆவி உள்ளேயே வியர்த்துவிடும். வேர்க்கொம்பு பிஸ்கட்டைத் தனியே வைக்காவிட்டால் எல்லாவற்றிலும் அதே வாசம்தான். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உருளைகளை இப்போதே செய்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், ஒரு மாதம் தாராளமாக இருக்கும். கொடுப்பதற்கு முதல் நாள் வெட்டிச் சுடலாம். இளகிப் போனவற்றை 150 பாகையில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் திரும்ப மொறுமொறுக்கும்.

பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் அழகு. ஆனால் ஓலை காற்றை உள்ளே விடும், பிஸ்கட்டை முதலில் ஒட்டி மூடிய உறையில் போட்டுத்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கொழும்புப் பார்சலுக்கு ரின்தான் சரி. படுக்கப் போடாமல் நிறுத்தி நெருக்கமாக அடுக்கி, இடைவெளிகளில் கசக்கிய தாளைத் திணியுங்கள். குலுக்கினால் சத்தம் கேட்கக் கூடாது. பஸ்ஸில் சாமான் வைக்கும் இடம் சூடாக இருக்கும், சொக்லேட் பூசியது எதையும் அந்தப் பார்சலில் சேர்க்காதீர்கள்.