"பொம்மைப் படம்தானே!" என்கிறார் மாமனார்

கேள்வி: எனக்கு 32 வயது. கூட்டுக் குடும்பம். ராத்திரி வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரு மணி நேரம் ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள் பார்ப்பேன். "பிள்ளை பெத்த பிறகும் பொம்மைப் படமா?" என்று மாமனார் எல்லார் முன்னாலும் சொல்கிறார். கணவரும் சேர்ந்து சிரிக்கிறார். அதே மாமனார்தான் போன வாரம் எங்கள் 8 வயது மகனை டிவி முன்னால் உட்கார வைத்து, "பொம்மைப் படம்தானே, பார்க்கட்டும்" என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். போரில் அம்மாவை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியில் சாகிற ஜப்பானியப் படம். பையன் நான்கு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. எனக்குத்தான் வயதுக்கேற்ற முதிர்ச்சி இல்லையா? இந்தப் படங்கள் உண்மையில் யாருக்கு?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்களைக் கூச வைத்ததும் உங்கள் மகனின் தூக்கத்தைக் கெடுத்ததும் ஒரே சொல்தான்: "பொம்மைப் படம்தானே". ஆகவே உங்கள் இரண்டு பிரச்சினையும் ஒன்றுதான். ஆனால் பையன் விஷயம் அவசரம், அதை முதலில் பார்ப்போம்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது 'க்ரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' ஆகத்தான் இருக்க வேண்டும். ஜப்பானின் கிப்லி ஸ்டூடியோவில் இசாவோ டகாஹாட்டா இயக்கி 1988-ல் வந்த படம். 1945-ல் கோபே நகரத்தின் மேல் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டு வீசிய காலத்துக் கதை. படம் தொடங்கும்போதே ரயில் நிலையத்தில் அண்ணன் செத்துப்போகிறான். தங்கையிடம் ஒரு மிட்டாய் டப்பா இருக்கும். மிட்டாய் தீர்ந்ததும் அண்ணன் அதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒட்டியிருந்த இனிப்பை அவளுக்குக் குடிக்கக் கொடுப்பான். கடைசியில் அவளுடைய எலும்புத் துண்டுகள் போய்ச் சேர்வதும் அந்த டப்பாவில்தான். 8 வயதுப் பிள்ளைக்கு மிட்டாய் டப்பா தெரியும், பசி தெரியும், அம்மா இல்லாமல் போவது என்றால் என்னவென்று பாதி தெரியும். அந்தப் பாதிதான் தூங்கவிடாது.

அவனிடம் "அது வெறும் படம், நிஜமில்லை" என்று சொல்லாதீர்கள். ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளை பூதத்துக்குப் பயப்படும். எட்டு வயதில் பயம் நிஜத்தில் நடக்கக்கூடியவற்றின் பக்கம் திரும்பிவிடும்: சாவு, போர், பெற்றோரைப் பிரிவது. மூலக் கதையை எழுதிய அகியுகி நோசாகா அந்தப் போரில் தன் சின்னத் தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். நாம் நிஜமில்லை என்று சொல்லி, பிறகு அவனுக்கே உண்மை தெரிய வந்தால் அடுத்த முறை நம் சமாதானத்தை நம்ப மாட்டான். பகல் வேளையில், சாப்பிடும்போதோ நடந்துபோகும்போதோ, "எந்த இடம் திரும்பத் திரும்ப ஞாபகம் வருது?" என்று கேளுங்கள். நாமாக ஊகித்துப் பேசினால் அவன் கவனிக்காத காட்சியையும் சேர்த்துத் தலையில் ஏற்றிவிடுவோம். அவன் சொன்ன காட்சியை வரையச் சொல்லுங்கள், வேண்டுமானால் அந்தத் தங்கைக்குச் சோறும் வரைந்து கொடுக்கட்டும். கேள்வி கேட்டால் இரண்டு வரியில் உண்மையைச் சொல்லுங்கள்: ரொம்ப நாளைக்கு முன்னால் நடந்த போர், அந்தப் பிள்ளைகளுக்குப் பார்த்துக்கொள்ள யாருமில்லை, உனக்கு நாங்கள் இத்தனை பேர் இருக்கிறோம். படுப்பதற்கு முன்னால் இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்தும் தூக்கம் சரியாகவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி உங்கள் மாமனார். அவர் மேல் கோபப்படுவதற்கு முன்னால், அந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அது அவராக உண்டாக்கியது கிடையாது. ஒரு வியாபாரக் கணக்கு அறுபது வருஷமாக உலகத்துக்கே ஊட்டியது.

அமெரிக்காவில் 1930-களிலும் 40-களிலும் கார்ட்டூன் என்பது தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் ஓடிய ஏழெட்டு நிமிடப் படம். டிக்கெட் வாங்கிவந்த பெரியவர்கள் எல்லாரும் பார்த்தது. டாம் அண்ட் ஜெர்ரி 1940-ல் அப்படித்தான் பிறந்தது, ஏழு ஆஸ்கர் வாங்கியது. ஒரு வினாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப் படங்கள். ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினால்கூட வினாடிக்கு 12 ஓவியம். ஏழு நிமிடத்துக்குக் கணக்குப் போடுங்கள்: ஒரு பாத்திரத்துக்கே 5,040. பூனைக்கும் எலிக்கும் சேர்த்தால் பத்தாயிரம். இவ்வளவு செலவையும் தியேட்டர் வசூல் தாங்கியது.

1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெரிய படத்தோடு மற்ற படங்களையும் கட்டி தியேட்டர்கள் தலையில் ஸ்டூடியோக்கள் சுமத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. குட்டிப் படங்களுக்கு இருந்த நிச்சயமான வருமானம் போயிற்று. டாம் அண்ட் ஜெர்ரி எடுத்த எம்ஜிஎம் 1957-ல் கார்ட்டூன் பிரிவையே மூடியது. அதை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் டிவிக்குப் போனார்கள். டிவி கொடுத்த பணம் பழைய செலவில் ஒரு சிறு பங்கு.

அந்தப் பணத்துக்கு எப்படி வரைவது? உடம்பை அசைக்காமல் நிறுத்திவிட்டு வாயையும் கையையும் மட்டும் மாற்றி வரைந்தார்கள். அவர்கள் உருவாக்கிய யோகி கரடிக்குச் சட்டையே கிடையாது, ஆனால் கழுத்தில் காலரும் டையும் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? தலையைத் தனி ஓவியமாக ஆட்டும்போது கழுத்தில் ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் மறைக்கத்தான் அந்தக் காலர். பாத்திரம் ஓடினால் பின்னால் அதே மரமும் அதே வீடும் திரும்பத் திரும்ப வரும். சிக்கனத்துக்காகக் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம் இது. ஆனால் பார்த்தவர்கள் கண்ணுக்கு, கோடு எளிதாக இருந்ததால் விஷயமும் எளிது என்று பட்டுவிட்டது.

அப்போதும்கூட அது முழுக்கப் பிள்ளைகளுக்கு என்று ஆகவில்லை. 1960-ல் வந்த 'ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' ராத்திரி நேரத்தில், குடும்பத்தோடு பார்க்கிற தொடராக ஓடியது. ஆரம்பத்தில் அதற்கு விளம்பரதாரர் ஒரு சிகரெட் கம்பெனி. அந்தத் தொடரின் பாத்திரங்களே விளம்பரத்தில் சிகரெட் பிடித்தார்கள். இதை மாமனாரிடம் அவசியம் சொல்லுங்கள்.

அறுபதுகளின் நடுவில்தான் சேனல்கள் கார்ட்டூன்களைச் சனிக்கிழமை காலைக்குத் தள்ளின. பெரியவர்கள் தூங்கும் நேரம், டிவி முன்னால் பிள்ளைகள் மட்டும். சர்க்கரை போட்ட காலைத் தானிய உணவுக் கம்பெனிகளும் பொம்மைக் கம்பெனிகளும் அந்த நேரத்தை வாங்கிக்கொண்டன. அப்புறம் கதையும் அவர்களுக்கு ஏற்றபடி சுருங்கிற்று. ஒரு தலைமுறை முழுக்க அனிமேஷனை அந்த நேரத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்தது.

நம் ஊரிலும் இதே மாதிரிதான் நடந்தது. மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் 1956-ல் கார்ட்டூன் பிரிவு தொடங்கி, குடும்பக் கட்டுப்பாடு வரைக்கும் ஓவியத்தில் சொல்லியது. தியேட்டரில் படத்துக்கு முன்னால் 'நியூஸ் ரீல்' ஓடிய காலத்தை உங்கள் மாமனார் மறந்திருக்க மாட்டார். அதற்குப் பிறகு அனிமேஷன் வீட்டுக்குள் வந்த வழி தூர்தர்ஷனின் ஞாயிறு காலை, 1995-ல் கார்ட்டூன் நெட்வொர்க், 2007-ல் சுட்டி டிவி. பேரிலேயே 'சுட்டி' இருந்தால் யாருக்கு என்று கேட்பானேன்? ஆனால் இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். பத்திரிகையில் வரும் கார்ட்டூனை மாமனார் தினமும் பார்ப்பார், அரசியல் பேசுவார், அதைச் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று சொல்ல மாட்டார். தோல்பாவைக் கூத்தில் ராமாயணம் பார்க்க ஊரே ராத்திரி உட்கார்ந்திருந்தது. வரைந்த உருவத்தைப் பெரியவர்கள் பார்ப்பது நமக்குப் புதிதே கிடையாது.

சில விஷயங்களை அனிமேஷனில் சொன்னால்தான் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்பதையும் நான் அழுத்திச் சொல்வேன். 2021-ல் வந்த 'ஃப்ளீ' ஒரு ஆவணப்படம். ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பிய ஒருவர் தன் நிஜக் கதையைச் சொல்கிறார். முகம் தெரியக் கூடாது. முகத்தைக் கறுப்பாக்கி, குரலை மாற்றிக் காட்டினால் நமக்கு அவர் குற்றவாளி மாதிரித் தெரிவார். வரைந்ததால் அவர் அடையாளமும் காப்பாற்றப்பட்டது, அவர் கண் கலங்குவதும் நமக்குத் தெரிகிறது. பட்டினியில் வாடும் சிறுமியாக ஒரு நிஜக் குழந்தையை நடிக்க வைப்பதை யோசித்தாலே பதறும். டகாஹாட்டாவின் படத்தில் பாத்திரங்களின் விளிம்புக் கோடு வழக்கமான கறுப்பில் இல்லாமல் பழுப்பில் இருக்கும். உருவங்கள் சுற்றியிருக்கும் காட்சியோடு மென்மையாகக் கலந்து நிற்கும்.

அந்தப் படம் ஜப்பானில் முதலில் எப்படி வெளியானது தெரியுமா? 'டோட்டோரோ' என்ற, சின்னப் பிள்ளைகள் குதூகலிக்கிற படத்தோடு சேர்த்து, ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படமாக. அனிமேஷன் இவ்வளவு பரந்து கிடக்கிற நாட்டிலேயே அப்படி. மாமனாரின் தவறு அவ்வளவு பெரிய தவறில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கிற தொடர்களைப் பற்றி. ஜப்பானில் மங்கா எனும் சித்திரக்கதைப் பத்திரிகைகள் வாசகரை வைத்துப் பிரிந்திருக்கின்றன: 'ஷோனென்' பதின்வயதுப் பையன்களுக்கு, 'ஷோஜோ' பெண் பிள்ளைகளுக்கு, 'செய்னென்' வளர்ந்த ஆண்களுக்கு, 'ஜோசெய்' வளர்ந்த பெண்களுக்கு. ஏராளமான தொடர்கள் அங்கிருந்து வருபவை. தொடரின் பெயரோடு இந்த நாலில் எது என்று தேடினால் ஒரு நிமிடத்தில் தெரியும். ஆனால் 'ஷோனென்' என்று இருப்பதாலேயே எட்டு வயதுக்கு ஏற்றது என்று நினைத்துவிடாதீர்கள். மனிதரை ராட்சதர்கள் கடித்துத் தின்னும் 'அட்டாக் ஆன் டைட்டன்' ஒரு ஷோனென் பத்திரிகையில் வந்த கதைதான்.

வீட்டு டிவியில் செய்ய வேண்டியது இது. ஓடிடியில் ஒவ்வொரு படத்துக்கும் யூ, யூ/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயது அடையாளம் உண்டு. படம் தொடங்கும்போது மூலையில் வரும், பக்கத்தில் வன்முறை, பயம் என்று காரணமும் இருக்கும். தியேட்டர் சான்றிதழிலும் 2024 நவம்பரிலிருந்து யூஏ இதே மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ஓடிடியில் அந்த அடையாளத்தைக் கம்பெனியே போட்டுக்கொள்கிறது, ஆகவே 7+ என்று இருந்தாலும் முதலில் நீங்கள் பத்து நிமிடம் பாருங்கள். பையனுக்குத் தனி ப்ரொஃபைல் போட்டு வயது வரம்பு வையுங்கள். பல வீடுகளில் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், பையன் பின்னால் வந்து அப்பாவின் ப்ரொஃபைலை அழுத்திவிடுகிறான். நெட்ஃபிளிக்ஸ் என்றால் பெரியவர்களின் ஒவ்வொரு ப்ரொஃபைலுக்கும் நாலு இலக்கப் பூட்டு போட வேண்டும். அடுத்தது தானாக ஓடுவதையும் அணைத்துவிடுங்கள். டிவியில் இருக்கும் சாதாரண யூடியூபுக்கு இந்தப் பூட்டு எதுவும் பொருந்தாது. பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் உருவங்களை வைத்தே கோரமான வீடியோக்கள் குவிந்திருந்தது 2017-ல் அம்பலமானது. யூடியூப் கிட்ஸில் 5 முதல் 8 வயது என்று தனிப் பிரிவு இருக்கிறது, அதை மட்டும் பார்க்க விடுங்கள்.

மாமனாரோடு வாதம் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 2025-ல் வந்த 'மகாவதார் நரசிம்மா' அனிமேஷன் படத்தைத் தமிழில் போடுங்கள். பிரகலாதன் கதை அவருக்குத் தெரிந்ததுதான், வசனத்துக்காகத் திணற வேண்டாம். பையன் தூங்கிய பிறகு போடுங்கள். இரணியனை நரசிம்மர் கிழிக்கும் இடம் வந்ததும், "இதை அவன் பார்க்கலாமா மாமா?" என்று மட்டும் கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் சரி, மறுநாள் காலையில் பூட்டின் நாலு எண்ணை அவரிடமும் சொல்லி வையுங்கள். சாயங்காலத்தில் பையனோடு இருப்பவர் அவர்தானே.