அடுத்து எந்த ரைடு? பாதை சொல்லும் செயலிகள் பற்றிக் கேள்வி பதில்

அண்ணே, கைத்தொலைபேசியிலேயே ஜிபிஎஸ் இருக்கே. கேளிக்கைப் பூங்காவில் எதற்குப் புளூடூத் பீக்கன் (தன் அடையாளத்தைச் சுற்றியுள்ள போன்களுக்கு ஒலிபரப்பும் சிறு கருவி)?

வானம் தெரிகிற இடத்தில் ஜிபிஎஸ் போதும். சிங்கப்பூரின் செந்தோசா யுனிவர்சல் ஸ்டூடியோஸில் மம்மி ரைடு மாதிரி கட்டடத்துக்குள் போகும் வரிசையில் நின்றால், வரைபடத்தில் நம்மைக் காட்டும் புள்ளி பக்கத்து வட்டாரத்துக்குத் தாவிவிடும். பேட்டரியும் கரையும்.

பாலிடெக்னிக் புராஜெக்டுக்குப் பீக்கன் வைத்தோம். ஆள் அசையாமல் நின்றாலும், சிக்னலின் வலுவை வைத்துக் கணிக்கும் தூரம் 2 மீட்டர், 9 மீட்டர் என்று குதிக்கிறது. பீக்கன் பழுதா?

பழுதில்லை தம்பி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பு விழுங்கும். போன் கையிலிருந்து பின்பாக்கெட்டுக்குப் போனாலே அளவு மாறிவிடும். கோவிட் காலத்தில் யார் யாருக்கு அருகில் இருந்தார்கள் என்று பதிந்த சிங்கப்பூரின் டிரேஸ்டுகெதர் செயலிக்கும் இதே தலைவலிதான் இருந்தது: ஒரே சிக்னலை ஒவ்வொரு போன் மாடலும் ஒவ்வொரு மாதிரி அளக்கும்.

பீக்கனைத் தலைக்கு மேலே, 2.5 முதல் 3 மீட்டர் உயரத்தில், இரும்புத் தூணை ஒட்டாமல் மாட்டுங்கள். கடைசி 5 விநாடி அளவுகளின் சராசரியை விட்டுவிட்டு நடுமதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) எடுங்கள். புதிய பீக்கனின் சிக்னல் பழையதைவிட 6 டெசிபெல் கூடுதலாக, தொடர்ந்து மூன்று முறை தெரிந்தால் மட்டும் ஆள் இடம் மாறியதாகச் செயலியில் காட்டுங்கள். மீட்டர் கணக்கையே மறந்துவிடலாம். ‘வரிசையின் வாசல்’, ‘ஏறும் இடம்’ என்று தெரிந்தாலே பாதை சொல்ல முடியும்.

காத்திருக்கும் நேரத்தை எப்படிக் கணிக்கிறார்கள்?

நிற்பவர்களை, ரைடு மணிக்கு ஏற்றும் ஆட்களால் வகுக்க வேண்டும். 400 பேர், மணிக்கு 1,200 என்றால் 20 நிமிடம். மூன்றில் ஓர் இருக்கை எக்ஸ்பிரஸ் டிக்கெட்காரர்களுக்குப் போனால் சாதாரண வரிசைக்கு 800தான், 30 நிமிடமாகிவிடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். இன்னொரு பொறி: வாசலில் நுழைந்தவர் ஏறும் இடத்துக்கு வர எடுத்த நேரத்தை மட்டும் நம்பினால், ரைடு நின்ற பிறகும் பழைய 20 நிமிடமே திரையில் நிற்கும். யாரும் வந்து சேராததால் புது அளவே வராது. ஏறும் இடத்தில் 5 நிமிடமாக ஆள் நகரவில்லை என்றால் எச்சரிக்கை எழ வேண்டும்.

எல்லாருக்கும் குறைந்த வரிசையையே காட்டினால்?

கெட்டது கதை. மணிக்கு 1,200 பேர் ஏறும் ரைடில் 10 நிமிட வரிசை என்று 300 போன்களுக்குச் சொல்லி, எல்லாரும் சேர்ந்தாற்போல் போய் நின்றால், கடைசி ஆளுக்கு 25 நிமிடம். அனுப்பியவர்களை அனுப்பிய கணமே வரிசையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சொன்னபடி எத்தனை பேர் உண்மையில் போனார்கள் என்று பீக்கனில் பார்த்து, அனுப்புபவர்களின் எண்ணிக்கையை அந்த விகிதத்தால் பெருக்குங்கள். காத்திருப்பில் 5 நிமிடத்துக்குள் வித்தியாசமுள்ள ரைடுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம். என்னைக் கேட்டால், துல்லியமான இருப்பிடத்தைவிட இந்தப் பங்கீடுதான் செயலியின் உயிர்.

மகன் 118 செ.மீ., மகள் 128. மகனுக்கு ஆகாத ரைடுக்கெல்லாம் செயலி எங்களைக் கூட்டிப்போகிறதே?

உயர வரம்பைக் கடைசியில் சரிபார்க்கிறது போலிருக்கிறது அக்கா. முதலில் வடிகட்ட வேண்டும்: மம்மிக்கு 122, கேலக்டிகாவுக்கு 125 என்பதால் மகனுக்கு இரண்டும் கிடையாது, 102 போதும் என்கிற டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்குக் குடும்பமாகப் போகலாம். குழந்தையின் தள்ளுவண்டி இருந்தால், குழுவின் நடைவேகமாக அதன் வேகத்தையே வைக்க வேண்டும்.

இடி இடித்தால்?

மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளிப்புற ரைடுகள் நிற்கும். கூட்டம் முழுக்க உள்ளரங்குக்குப் பாயும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை நமக்குப் பழகியதுதானே, வெளிப்புற ரைடுகளைக் காலையிலேயே முடிக்கும்படி பாதை போடுவது நல்லது.

செயலி இல்லாமலேயே என்னைப் பின்தொடர முடியுமா?

போனின் வைஃபை முகவரியை (ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்) வைத்து முன்பு முடிந்தது. 2014இல் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 8 முதல், வைஃபை தேடும்போது போன்கள் போலி முகவரி காட்டத் தொடங்கின. இப்போது கூட்டத்தை உத்தேசமாக எண்ணத்தான் அது உதவும். பூங்கா தரும் கைப்பட்டை வேறு கதை. டிஸ்னி 2013இல் கொண்டுவந்த மேஜிக்பேண்டில் தட்டுவதற்கு ஒரு சில்லும், தூரத்திலிருந்து படிக்க 2.4 கிகாஹெர்ட்ஸ் அனுப்பியும் இருந்தன. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். பூங்காவை விட்டு வந்ததும் செயலியின் இருப்பிட அனுமதியை ‘பயன்படுத்தும்போது மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள்.