ஆஸ்துமாவுக்கு எதற்கு இரண்டு இன்ஹேலர்?

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உட்சுவர் நாள்பட்டு வீங்கியிருக்கும் நிலை. இளைப்பு இல்லாத நாளிலும் அந்த வீக்கம் உள்ளே இருக்கக்கூடும். இரண்டு மருந்து தேவைப்படுவது இதனால்தான். தூசியோ பனிக்காற்றோ ஊதுபத்திப் புகையோ பட்டதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி சேர்கிறது, மூச்சை விடும்போது விசில் போலக் கேட்கிறது.

இளைப்பு வந்ததும் இழுக்கும் இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் என்ற மருந்து அந்தத் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். பலன் 4 முதல் 6 மணி நேரம். வீக்கத்தை அது தொடுவதில்லை. அதைக் குறைப்பது பியூடசோனைடு போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். ஓட்டு வீடு ஒழுகும்போது அடியில் பாத்திரம் வைப்பது முன்னது, உடைந்த ஓட்டை மாற்றுவது பின்னது. பாத்திரம் வைத்ததும் தரை நனைவது நின்றுவிடுவதால் பலரும் ஓட்டை மறந்துவிடுகிறார்கள்! ஸ்டீராய்டின் பலன் தெரியச் சில நாட்கள், சிலருக்கு வாரங்கள் ஆகும். இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையேல் வாயில் வெண்படலம் பிடிக்கலாம்.

மாத்திரை லேசானது, இன்ஹேலர் கடுமையானது என்பது தலைகீழான எண்ணம்: சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் வழக்கமாக 2 அல்லது 4 மில்லிகிராம் இருக்கும், இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது 0.1 மில்லிகிராம்தான்.